சோக்கை எடுத்தால் வண்டி நிற்கிறதா? கார்புரேட்டர் கேள்வி-பதில்

மழை பிடித்ததும் டெல்டா முழுக்க ஒரே புலம்பல்: வண்டி காலையில் பிடிக்கவில்லை. வந்த கேள்விகளில் ஐந்தை மட்டும் எடுத்திருக்கிறேன்.

மன்னார்குடி: சோக் போட்டால் ஸ்பிளெண்டர் ஒரே கிக்கில் பிடிக்கிறது, எடுத்தால் அணைகிறது. சோக்கோடவே கும்பகோணம் வரை ஓட்டுகிறேன். தப்பா?

தப்புதான், பிளக் கரியேறிப் பெட்ரோலும் வீணாகும். ஆனால் கோளாறு எந்தப் பக்கம் என்று அந்த சோக்கே உங்களுக்குச் சொல்லிவிட்டது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர்; சோக் என்பது அதன் காற்று வழியை அடைக்கும் தகடு, அவ்வளவுதான். காற்று குறைந்தால் பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். அடைத்தால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்றால் ஒன்று பெட்ரோல் போதவில்லை, இல்லையென்றால் எங்கோ கள்ளக்காற்று நுழைகிறது. முதலில் கார்புரேட்டரும் இன்ஜினும் சேரும் இடத்தைப் பாருங்கள். வண்டி ஓடும்போது அங்கே கொஞ்சம் சோப்புத் தண்ணீர் தெளித்து, ஓட்டம் மாறினால் ரப்பரோ ஓ-ரிங்கோ போய்விட்டது. மாறவில்லையா, ஸ்லோ ஜெட் அடைப்பு, அதாவது மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னப் பித்தளைக் குழல். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, ஆகவே கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள், ஊக்கு விட்டுக் குத்த வேண்டாம். பித்தளைத் துளை கொஞ்சம் பெரிதானாலும் மைலேஜ் போச்சு. தொழில் பழகியபோது நானே அப்படி ஒரு ஜெட்டைக் கெடுத்து, அன்றைய கூலியை இழந்திருக்கிறேன்.

அப்புறம், கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதை மெதுவாக முழுக்க உள்ளே திருகி, எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி வைத்துக்கொண்டால் திரும்ப அதே இடத்தில் நிறுத்தலாம்.

பாபநாசம்: சம்பா அறுவடைக்குப் பிறகு கறுப்புப் புகை, மைலேஜும் இல்லை.

ரோட்டிலேயே நெல்லும் வைக்கோலும் காயும் ஊரில் ஏர் ஃபில்டர் சும்மா இருக்குமா? தூசி அடைத்தால் சோக் போட்டது போலத்தான். நுரை ஃபில்டர் என்றால் சோப்பில் கழுவி நன்றாகக் காயவைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள், காகிதம் என்றால் மாற்றுங்கள். சோக் லிவர் பாதியில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் காசு கொடுக்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி: இரவெல்லாம் மழையில் நின்றது. பிடிக்கிறது, நூறடி போய் திக்கித் திக்கி நிற்கிறது.

தண்ணீர். பெட்ரோலைவிடக் கனமானது என்பதால், கார்புரேட்டரின் கீழே பெட்ரோல் தேங்கும் புளோட் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும், சோக் போட்டும் பயனில்லை. கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் ஸ்க்ரூவைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள், அடியில் தனியாக ஒரு படலம் நின்றால் அதுதான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். அதிலும் அரைகுறை டேங்கோடு மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குத் தொல்லை அதிகம்.

நன்னிலம்: நிறுத்தினால் கார்புரேட்டர் குழாயில் பெட்ரோல் சொட்டுகிறது.

கிண்ணம் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் புளோட் ஊசியில் தூசி, அல்லது ஊசி தேய்ந்துவிட்டது. டேங்க் டேப்பை மூடுங்கள். இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் கிக் அடிக்க வேண்டாம்.

வேதாரண்யம்: ஐந்து கிலோமீட்டர் போனால் நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து தானாகப் பிடிக்கிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவிவிட்டேன்.

அடுத்த முறை நிற்கும்போது டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று சத்தம் வந்து உடனே வண்டி பிடித்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வரவில்லை, அதனால் பெட்ரோலும் இறங்காது. இங்கே ஊக்கு விட்டுக் குத்தலாம்.