சிங்கப்பூர் வருகிற தம்பிக்கு, முகநூல் பற்றி மட்டும்

தம்பி, எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கான அனுமதி) கிடைத்து அடுத்த மாதம் சிங்கப்பூர் வருகிறீர்கள், வாழ்த்துகள். ரூம் வாடகை, எந்த ஏரியா, தமிழை வைத்தே சமாளிக்கலாமா என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். கடைசியாக, "ஊரில் முகநூலில் கடவுள் மறுப்பு எழுதுகிறேன், எல்லா மதத்தையும் கிண்டலடிப்பேன், அங்கே வந்தும் எழுதலாமா?" என்று போகிற போக்கில் கேட்டீர்களே, எனக்கு அதுதான் உறுத்துகிறது.

கடவுள் இல்லை என்று சொல்வது இங்கே குற்றம் கிடையாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐந்தில் ஒருவர் தனக்குச் சமயம் இல்லை என்றே பதிந்திருக்கிறார். வம்பு எங்கே என்றால், உங்கள் கிண்டல் அடுத்தவர் சமயத்தின் மேல் விழும்போது.

சவுத் பிரிட்ஜ் ரோட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் மாரியம்மன் கோயில் கோபுரம், சற்றுத் தள்ளி ஜாமியா சூலியா பள்ளிவாசலின் இரட்டைக் கோபுரங்கள். இரண்டையும் தொடங்கியது நம்மவர்கள்தான், 1820களில். இந்தப் பள்ளிவாசலில்தான் 2017 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஓர் இமாம், தொழுகைக்குப் பிறகு யூதர்களுக்கும் கிறித்தவர்களுக்கும் எதிராக உதவி வேண்டும் என்று அரபியில் துஆ (பிரார்த்தனை) ஓதினார். அது குர்ஆன் வசனம் இல்லை, ஊரில் வழிவழியாக ஓதிவந்த பழைய வாசகம். யாரோ வீடியோவை முகநூலில் போட்டுவிட்டார்கள். சமயங்களுக்கிடையே பகை வளர்த்ததாக வழக்கு, 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம், அப்புறம் ஊருக்கு டிக்கெட். அதற்கு முன்பே மற்றச் சமயத் தலைவர்களைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டார். யூத மதகுருவான ரப்பியும் அதை ஏற்றுக்கொண்டார். வீடியோ போட்டவரையும் போலீஸ் விசாரித்தது. போலீசில் சொல்லியிருக்க வேண்டும், வலையில் போட்டிருக்கக்கூடாது என்பது உள்துறை அமைச்சரின் வாதம்.

இமாமுக்கே இந்த நிலை. அதுவும் அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை.

இன்னொன்று. 2020-ல் பிரான்சில் மதத்தின் பேரால் கொலைகள் நடந்த பிறகு இங்கே முகநூலில் வெறுப்பைத் தூண்டும்படி எழுதியவர்களை விசாரித்து, 15 பங்களாதேஷ்காரர்களையும் ஒரு மலேசியரையும் திருப்பி அனுப்பினார்கள். பங்களாதேஷ்காரர்களில் பெரும்பாலோர் கட்டுமான வேலையில் இருந்தவர்கள். ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அடைந்ததா என்று யார் கேட்பார்கள்? சிங்கப்பூர்க் குடிமகன் எழுதினால் வழக்கு, வக்கீல் என்று ஒரு வழி இருக்கிறது. பாஸில் இருப்பவனுக்கு விமான நிலையம்தான்.

இதையெல்லாம் அரசாங்கம் மட்டும் திணிக்கிறது என்று நினைக்காதீர்கள். 1964-ல் நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் மூண்ட கலவரத்தை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-ல் வந்தது. 2019-ல் அதை இன்னும் இறுக்கியபோது தேவாலயங்கள், முஸ்லிம் மன்றம், இந்து, பௌத்த அமைப்புகள் எல்லாம் ஆதரித்தே பேசின. அடுத்தவனைப் பேசவிட்டால் நாளைக்கு நம்மையும் பேசுவான் என்ற கணக்கு அது. சிறிய சமூகமான நமக்கு அது லாபம் என்றுதான் நான் நினைக்கிறேன். 2010-ல் ஒரு பெரிய கிறித்தவச் சபையின் போதகர் பௌத்தர்களையும், சீனர்களின் தாவோ சமயத்தாரையும் மேடையில் கேலி செய்துவிட்டு, பிறகு அவர்கள் அமைப்புகளுக்கே நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். ஊரில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

அதற்காக எனக்கு வருத்தமே இல்லை என்று சொல்லமாட்டேன். தைப்பூசத்தில் 1973 முதல் மேளதாளத்துக்குத் தடை. சீனப் புத்தாண்டுச் சிங்க ஆட்டத்துக்கு முரசு அதிரலாம், காவடிக்கு உறுமி கூடாதா என்று ஒவ்வொரு தைமாதமும் வயிறு எரியும். அரசாங்கம் சொன்ன பதில், சாலையில் கால்நடையாகச் சமய ஊர்வலம் போக இருக்கும் தடையிலிருந்து விலக்கு கிடைத்திருப்பதே இந்துக்களுக்குத்தான் என்பது. 2016-லிருந்து வழியில் சில இடங்களில் நேரடி இசைக்கு அனுமதித்தார்கள். முழுத் திருப்தி கிடையாது, ஆனால் கேட்டு வாங்கியது.

உங்கள் கொள்கைக்கும் இங்கே ஒரு பழைய வேர் உண்டு. பெரியார் 1929-30-ல் மலாயா, சிங்கப்பூர் வந்து போன பிறகு, 1932-ல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கினார்கள். பத்திரிகையாளர் கோ. சாரங்கபாணி போன்றவர்கள் அலகுக் காவடியையும் தீமிதியையும் எதிர்த்துக் கடுமையாகப் பேசினார்கள். தன் வீட்டுக் குப்பையைத் தான் கூட்டினார்கள். சண்டை நம்மவர்களுக்குள்ளேயே இருந்தது, அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. அந்த மாதிரி எழுதுங்கள், நானே படிக்கிறேன்.

எனக்கு எரிச்சல் வருவது உங்களைப் போன்றவர்கள் மேல்கூட இல்லை. காண்டோவில் (வசதியான அடுக்குமாடி வீட்டில்) ஏசி போட்டு உட்கார்ந்துகொண்டு, ஊர்க் கட்சிச் சண்டையையும் மதச் சண்டையையும் காலையில் நாற்பது வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்களே, பெரிய சம்பளக்காரர்கள், அவர்கள் மேல்தான். மாட்டுவது அதை அப்படியே ஃபார்வர்டு செய்கிற, வேலை பர்மிட்டில் வந்த கூலித் தொழிலாளி.

நான் 1998-ல் பர்மிட்டில் வந்தவன். சைட்டிலேயே கண்டெய்னர் ரூம், இரண்டடுக்குக் கட்டில். கேட்டரிங் சாப்பாடு விடியும் முன் வரும், மதியம் திறந்தால் புளித்திருக்கும். நோன்பு மாதத்தில் ராமநாதபுரத்துப் பாய் ஒருவர் பள்ளிவாசலில் வரிசையில் நின்று எங்கள் எல்லோருக்குமாக வாளியில் நோன்புக்கஞ்சி வாங்கி வருவார். அந்த ரூமில் 2002 குஜராத் கலவரச் செய்தி வந்த வாரம், பாயும் இன்னொருவரும் கைகலக்கப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, "பேசணும்னா பாஸ்போர்ட்டை வாங்கிட்டு ஊர்ல போய்ப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவே மன்னார்குடிப் பெரியவர் ஒருவர் விதி போட்டார்: ரூமில் சம்பளமும் கிரிக்கெட்டும் மட்டும்தான் பேச்சு. சச்சினா டிராவிடா என்று மறு வாரமே ஒரு கட்டில் கால் உடைந்தது.