எஸ்390-இல் மட்டும் ஐஓ போர்ட் பிழை: கேகான்ஃபிக்கைப் பாருங்கள்

திருமங்கலம் தம்பிக்கு வணக்கம். உங்கள் லினக்ஸ் டிரைவர் எக்ஸ்86-இல் (சாதாரண பிசி பிராசசர்) ஒழுங்காகக் கம்பைல் ஆகிறது, எஸ்390-க்கு (ஐபிஎம் மெயின்ஃபிரேம்) உங்கள் பிசியில் இருந்தபடியே கிராஸ் கம்பைல் செய்தால் மட்டும் ஐஎன்பி-க்கு (ஐஓ போர்ட்டிலிருந்து ஒரு பைட் படிக்கும் ஃபங்ஷன்) ஹேஸ்_ஐஓபோர்ட் (ஐஓ போர்ட் உண்டு என்று குறிக்கும் கர்னல் ஆப்ஷன்) வேண்டும் என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். கம்பைலர் மேல் தப்பில்லை. எஸ்390-இல் ஐஓ போர்ட் (சாதனங்களோடு பேசுவதற்கென்றே இருக்கும் தனி முகவரி) என்ற சங்கதியே கிடையாது. கர்னல் 6.13 முதல் இதைக் கறாராகப் பிழை என்றே காட்டுகிறார்கள்.

கேகான்ஃபிக் என்பது எதை எப்போது கம்பைல் செய்யலாம் என்று சொல்லும் கோப்பு. அதிலிருந்து நீங்கள் ஒட்டிய வரி: (எக்ஸ்86 && ஹேஸ்_ஐஓபோர்ட்) || கம்பைல்_டெஸ்ட். கோளாறு இங்கேதான். கம்பைல்_டெஸ்ட் 'ஒய்' ஆனதும் அடைப்புக்குள் இருக்கும் நிபந்தனைக்கு மதிப்பே இல்லை. 2013-இல் கம்பைல்_டெஸ்ட்டைக் கொண்டுவந்ததே, கையில் அந்த ஹார்ட்வேர் இல்லாதவரும் கம்பைல் செய்து பார்க்கட்டும் என்றுதான். ஹார்ட்வேர் இல்லாததை அது மன்னிக்கும். கூப்பிட வேண்டிய ஃபங்ஷனே இல்லையென்றால் என்ன செய்யும்?

ஆகவே இரண்டு 'டிபெண்ட்ஸ் ஆன்' (இது இருந்தால்தான் என்னும் நிபந்தனை) வரியாகப் பிரியுங்கள். ஒன்றில் எக்ஸ்86 || கம்பைல்_டெஸ்ட், அடுத்ததில் ஹேஸ்_ஐஓபோர்ட் மட்டும். இரண்டும் நிறைவேறினால்தான் டிரைவர் மெனுவில் தெரியும். சி கோடுக்குள் இஃப்டெஃப் (நிபந்தனை பார்த்துக் கோடை வெட்டிவிடும் கட்டளை) தூவுவது எனக்குப் பிடிக்காது. போர்ட் இல்லாமலும் டிரைவர் ஓடும் என்றால் மட்டும், போர்ட்டைத் தொடும் பகுதியை இஸ்_எனேபிள்டு (ஓர் ஆப்ஷன் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் மேக்ரோ) வைத்து ஒரு 'இஃப்'-க்குள் போடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு தடவையும் ஆல்மாட்கான்ஃபிக் (முடிந்த டிரைவர்களையெல்லாம் மாட்யூலாகச் சேர்க்கும் கான்ஃபிக்) முழுவதையும் கம்பைல் செய்யாதீர்கள். என் பழைய லேப்டாப்பில் அதை ஓடவிட்டு, விளக்குத்தூண் போய் ஜிகர்தண்டா குடித்துவிட்டு வந்தாலும் பாதிகூட முடிந்திருக்காது. 'மேக்' கட்டளைக்கு உங்கள் டிரைவரின் .ஓ கோப்பு பெயரை மட்டும் அதன் பாதையோடு கொடுத்தால் போதும்.