மாமியாருக்கு முட்டி வலி, மகனுக்கு வாந்தி: கொல்லிமலை போகலாமா?

கேள்வி: மே மாத விடுமுறையில் கரூரிலிருந்து காரில் கிளம்பி, ஒரே நாளில் கொல்லிமலை போய்வரலாம் என்கிறார் என் கணவர். எட்டு இடங்களை எழுதி வைத்திருக்கிறார். முதலிடம் ஆகாய கங்கை அருவிக்கு. மாமியாருக்கு வயது 67, முட்டி வலி. 7 வயது மகனுக்கு வளைவில் கார் திரும்பினாலே வாந்தி. 12 வயது மகள் அருவியில் குளித்தே தீருவேன் என்கிறாள். போவதா, வேண்டாமா?
- ஒரு வாசகி, கரூர்

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் அந்த எட்டில் ஐந்தை அடித்துவிட்டுப் போங்கள். அடிக்க வேண்டிய முதல் பெயர் ஆகாய கங்கை.

அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்குகின்றன. இறங்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது. குளித்து முடித்து, நனைந்த துணியோடு ஏறும்போதுதான் தெரியும். முட்டி வலி உள்ளவருக்கு அந்தப் பேச்சே வேண்டாம். 'அம்மா மேலே கோயிலில் உட்காரட்டும், நாம் போய் வருவோம்' என்பார் உங்கள் கணவர். அப்படியானால் அம்மாவோடு அவரே உட்காரட்டும், நீங்கள் மகளோடு இறங்குங்கள். வழக்கமாக இது தலைகீழாகத்தானே நடக்கும்! மேலும், கோடை மழை பெய்யாத மே மாதத்தில் அருவி மெலிந்துதான் விழும். பலத்த மழை பெய்தாலோ குளிக்க விடமாட்டார்கள்.

மகளின் குளியலுக்கு மாசிலா அருவி இருக்கிறது. அதிகம் நடக்க வேண்டாம், உயரமும் குறைவு, சின்னவனும் பயப்படாமல் நனையலாம். மாமியார் கரையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். மூன்றாவது, மலை விளைபொருள் சந்தை உள்ள சோளக்காடு என்ற ஊர். மற்ற நேரமெல்லாம் செம்மேட்டைச் சுற்றியுள்ள ஊர்ச் சாலைகளுக்குக் கொடுங்கள். மிளகுக்கொடி ஏறிய மரங்கள், காப்பிச் செடி, வாழை, நடுநடுவே வயல் என்று மலை தன் பாட்டுக்கு விரியும். என்னைக் கேட்டால் கொல்லிமலையில் பார்க்க வேண்டியதே அதுதான். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடுகளையும் வயல்களையும் படம் எடுப்பதானால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

சரி, வாந்திக்கு வருவோம். சேந்தமங்கலம் வழியாகப் போனால், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். முள்ளுக்குறிச்சி வழியில் வளைவுகள் குறைவு, ஆனால் சுற்று. உடம்பு திரும்புகிறது என்று காது சொல்ல, கையிலுள்ள போனைப் பார்க்கும் கண் 'அசைவே இல்லை' என்று சொல்ல, இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. போனை வாங்கி வைத்துவிட்டுப் பையனைப் பின் இருக்கையின் நடுவில், சாலை முன்னால் தெரியும்படி பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். வளைவுகளின் எண்களைப் பலகை பார்த்து அவனே சொல்லட்டும். கிளம்பும் முன் இரண்டு இட்லி போதும், வெறும் வயிறும் ஆகாது. மாத்திரை தேவையா என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பாதி மலையில் வண்டியை ஓரங்கட்டி இளைப்பாறுங்கள், ஆனால் தின்பண்டத்தை வெளியே எடுக்காதீர்கள். குரங்குகள் காத்திருக்கும்.

செம்மேட்டில், கொல்லிமலையை ஆண்ட வள்ளல் வல்வில் ஓரியின் சிலை இருக்கிறது. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்று புறநானூறு சொல்கிறது. உங்கள் மகன் நிச்சயம் நம்பமாட்டான், இருந்தாலும் சொல்லுங்கள்.

கணவருக்கு ஒரு சேதி. ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரில் வரட்டும். மாலை 4 மணிக்கே இறங்கத் தொடங்கிவிடுங்கள். பெட்ரோலை நாமக்கல்லிலேயே போட்டுக்கொண்டு, கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோளக்காட்டில் மிளகு வாங்குங்கள், மலைவாழைப்பழமும் வாங்குங்கள். பலா கிடைக்கும் காலம்தான், ஆசையாக இருக்கும். அங்கேயே சுளை வாங்கித் தின்றுவிடுங்கள். பழுத்த பலாவை மூடிய காருக்குள் வைத்துக்கொண்டு 70 வளைவு இறங்கினால், மகன் மட்டுமல்ல, நீங்களும் தாங்கமாட்டீர்கள்.