கேள்வி–பதில்: கூட்ஸ் வண்டியும் கேமராவும்

கேள்வி: அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தில் பணிபுரியும் என் மகன், அங்குள்ள கிராமத்துச் சிறு ரயில் பாதையொன்றில் ஓடும் சரக்கு வண்டிகளைப் படமெடுத்து அனுப்புகிறான். ஓய்வு பெற்றுவிட்ட எனக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. நம் மானாமதுரை–ராமேஸ்வரம் பாதையில் அத்தகைய படங்களை எடுக்க முடியுமா?
– ஒரு வாசகர், உச்சிப்புளி

பதில்: முடியும், ஆனால் வண்டியைக் காரில் துரத்திப் படமெடுக்கும் அமெரிக்க முறை இங்கே செல்லாது. அமெரிக்காவில் 1980-ஆம் ஆண்டுச் சட்டம் ரயில்வே மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்திய பிறகு, பெரிய நிறுவனங்கள் தமக்குக் கட்டுப்படியாகாத கிளைப் பாதைகள் பலவற்றைச் சிறு நிறுவனங்களிடம் விற்றன அல்லது குத்தகைக்கு விட்டன. தானியக் கிடங்குகளிலிருந்து கோதுமையையும் சோளத்தையும் ஏற்றிப் பெரிய பாதையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதே கான்சஸ் போன்ற இடங்களில் அவற்றின் முக்கிய வேலை. தண்டவாளம் மிகவும் தரம் தாழ்ந்த பகுதிகளில் சரக்கு வண்டிக்கு மணிக்கு 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி. ஆகவே ஒரு கேட்டில் படமெடுத்தபின் காரில் முந்திச் சென்று, அடுத்த கேட்டிலும் அதே வண்டியை எடுத்துவிடலாம்.

நம் பாதையில் பயணிகள் வண்டிகளே மிகுதி. கூட்ஸ் அரிதாகத்தான் வரும்; வந்தாலும் அதற்குப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய கால அட்டவணை இல்லை. எனினும் இது ஒற்றைப் பாதை என்பதால், எக்ஸ்பிரஸுக்கு வழிவிடக் கூட்ஸை ஸ்டேஷன் லூப் லைனில், அதாவது பிரதான பாதையிலிருந்து பிரிந்து மீண்டும் அதில் சேரும் பக்கப் பாதையில், ஒதுக்கி நிறுத்துவார்கள். துரத்துவதைக் காட்டிலும், அப்படி நிற்கும் வண்டியை நிதானமாகப் பார்ப்பதே இங்கு பலன் தரும்.

வண்டிக்காகக் காத்திருப்பதற்கு முன் வெளிச்சத்தைப் படித்துக்கொள்ளுங்கள். ராமநாதபுரத்துக்குப் பிறகு பாதை பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் செல்வதால், காலையில் ராமேஸ்வரம் செல்லும் வண்டியின் முகத்திலும், மாலையில் அங்கிருந்து திரும்பும் வண்டியின் முகத்திலும் வெயில் விழும். எந்தப் பக்கம் நிற்பது என்பதை மாதம் முடிவு செய்கிறது: சித்திரைப் பிறப்பிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்வதால் வடகடல் பக்கமும், மற்ற மாதங்களில் தென்கடல் பக்கமும் நில்லுங்கள். நண்பகலில் வேகன்களின் அடிப்பகுதி இருண்டுவிடும். தண்டவாளத்தின் மேல் கானல் அலைவதால் தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்த படமும் கலங்கும்.

எஞ்சினை மட்டும் நெருக்கமாக எடுப்பதில் எனக்கு அவ்வளவாக ஈடுபாடில்லை. சரக்கு வண்டியின் அழகு அதன் நீளம். தானியம் ஏற்றும் மூடிய வேகன்கள் 42 கோத்த ஒரு முழு வண்டி 600 மீட்டருக்கும் மேல் நீள்வது. அதைத் தள்ளி நின்று, பனைகளையும் உடைமரங்களையும் சேர்த்து எடுத்தால்தான் அந்த நீளம் படத்தில் தெரியும். கடைசியில் வரும் பிரேக் வேனையும், அதாவது கார்டு பயணிக்கும் பெட்டியையும், விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பாம்பன் பாலத்தில் ரயிலை எங்கிருந்து எடுப்பது?
– ஒரு வாசகி, மண்டபம்

பதில்: உயரத்தில் உள்ள சாலைப் பாலத்திலிருந்து ரயில் பாலம் முழுவதும் தெரியும், நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்காதீர்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி செங்குத்தாக மேலெழுகிறது. ரயிலையும் கோபுரங்களையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க அகலக் கோண லென்ஸ் வேண்டும்.

கேள்வி: தண்டவாளத்தின் ஓரமாக நின்று எடுத்தால் தவறா?
– ஒரு மாணவர், பரமக்குடி

பதில்: தவறுதான். அனுமதியின்றி ரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். பொதுச் சாலையிலோ, உரிமையாளர் சம்மதித்த தோப்பிலோ நின்று எடுங்கள். உச்சிப்புளி வாசகரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அங்கே ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமான தளம் இருப்பதால், அந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவதோ ட்ரோன் பறக்கவிடுவதோ கூடாது.