'நானே விலகிக்கொள்கிறேன்' என்று எழுதித் தரலாமா?

கேள்வி: தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றில் ஒன்பது வருடமாகச் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சம்பளம் 14,000, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடிக்கிறார்கள். கணவருக்குச் சிறுநீரகம் போய் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், கூட்டிப்போக என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்கும் முடக்குவாதம், காலையில் விரல் மடங்காது, ஒழுங்காகச் சேலை மடிக்கப் பதினொரு மணி ஆகிவிடும். விற்பனை குறைந்துவிட்டதாம், 'உடல்நிலை காரணமாக நானே விலகுகிறேன்' என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் வேலையை விட்டு நீக்கியது அவர்கள் அல்ல, போனது நீங்கள் என்றாகிவிடும், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கிற பாடு உங்கள் தலையில். 'எழுதிக் கொடுத்தால் செட்டில்மென்ட் தருகிறோம்' என்பார்கள். ஒன்பது வருடத்துக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி வரவேண்டியது, அதை ஏதோ தானம் மாதிரி நீட்டினால் மயங்க வேண்டாம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41 உங்களுக்கானது. ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. விற்பனை குறைந்ததே நியாயமான காரணம் என்று கடைக்காரர் வாதாடலாம், அதை மறைக்க மாட்டேன். ஆனால் 2021-ல் இதே சட்டத்தில் 22ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். மூட்டு வீங்கிய ஆளை நாள் முழுக்க நிற்கவைத்துவிட்டு, விற்பனை போதவில்லை என்பவரிடம் முதலில் கேட்கவேண்டியது, ஸ்டூல் எங்கே?

உங்கள் உடம்புக்கு: மாதம் 105 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் போகிறது, அதைப் பயன்படுத்துங்கள். வலி கூடும் நாட்களில் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சான்று வாங்கினால் வருடத்துக்கு 91 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். உங்கள் கார்டில் கணவருக்கும் சிகிச்சை உண்டு, டயாலிசிஸுக்கு இ.எஸ்.ஐ. வழியாகப் பரிந்துரை கேட்டுப் பாருங்கள்.

கணவரைப் பார்த்துக்கொள்வதற்கு என்று தனி விடுப்பு தனியார் கடையில் கிடையாது, இதில் சட்டம் நம்மைக் கைவிட்டுவிட்டது. சம்பளத்துடன் 12 நாள் விடுமுறை, தற்செயல் விடுப்பு 12 நாள் உண்டு. நோய் விடுப்பு 12 நாளும் உங்கள் உடம்புக்குத்தான். டயாலிசிஸ் வருடத்துக்கு 156 நாள் வருகிறது, எங்கே போதும்? அதனால் அந்த மூன்று நாளும் பிற்பகல் ஷிஃப்ட் வேண்டும், மற்ற நாட்களில் கூடுதல் நேரம் பார்க்கிறேன் என்று தேதி போட்டு எழுதிக் கொடுங்கள். முதலாளி மறுக்கலாம். ஆனால் சொல்லாமல் வராதவர் என்று பிறகு உங்களை யாரும் சொல்ல முடியாது. தாமதமாகும் நாட்களில் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டு, அழிக்காமல் வைத்திருங்கள். நான் பார்த்த வழக்குகளில் பாதி இந்த ஒரு வரி இல்லாமல்தான் தோற்றது.

வாயால் 'நாளையிலிருந்து வராதே' என்றால் மறுநாளும் போங்கள். உள்ளே விடாவிட்டால் அன்றைக்கே, 'வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை' என்று ஸ்பீடு போஸ்ட் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நீக்கியதை எதிர்த்து மேல்முறையீடு தொழிலாளர் துணை ஆணையரிடம், 30 நாளுக்குள்.

அப்புறம், சம்பளச் சீட்டு கையில் இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள், சண்டை வந்தபிறகு தரமாட்டார்கள்.