டெக்சாஸில் ஏசி காண்ட்ராக்டர் லைசென்ஸ்: ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. ஹைஸ்கூல் முடிக்கப்போகும் மகன் ஏசி, ஹீட்டிங் வேலைக்குத்தான் போவேன் என்கிறான், ஒரு வாரத்தில் சர்ட்டிபிகேட் கிடைத்துவிடுமாம், இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவன் சொல்வது ஒரு காகிதத்தை, நீங்கள் நினைப்பது வேறொரு காகிதத்தை. அதில்தான் குழப்பம்.

அவன் சொல்வது இ.பி.ஏ. (மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) 608 சான்றிதழ். ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸைக் கையாள அமெரிக்கா முழுவதும் இது கட்டாயம். தேர்வில் பொதுப் பகுதி ஒன்று, கருவி வகைக்கு ஏற்ப மூன்று, ஒவ்வொன்றிலும் 25 கேள்விகள். நான்கையும் தாண்டினால் 'யுனிவர்சல்'. காலாவதியே கிடையாது. உட்கார்ந்து படிக்கிற பையன் சீக்கிரமே வாங்கிவிடுவான். ஆனால் அதை வைத்துக்கொண்டு சொந்தமாகத் தொழில் நடத்த முடியாது.

தொழில் நடத்த வேண்டியது மாநில லைசென்ஸ். டெக்சாஸில் டி.டி.எல்.ஆர். என்ற துறை தருகிறது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், தேர்வு எழுத வேண்டும், இன்சூரன்ஸ் காட்ட வேண்டும். கிளாஸ் ஏ என்றால் எந்த அளவு மெஷினிலும் கை வைக்கலாம். பி என்றால் கூலிங் 25 டன் வரை (டன் என்பது இங்கே எடை அல்ல, குளிரூட்டும் திறனின் அளவு), ஹீட்டிங் மணிக்கு 15 லட்சம் பி.டி.யு. (வெப்பத்தின் அளவு) வரை. வீட்டு வேலைக்கு பி தாராளம். ஏயா பியா என்று இப்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. விண்ணப்பிக்கும்போது, கடந்த 72 மாதங்களுக்குள் 48 மாதமாவது லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரின் மேற்பார்வையில் வேலை பார்த்ததாகக் காட்ட வேண்டும். லைசென்ஸ் இல்லாதவரிடம் கையில் காசு வாங்கிக்கொண்டு எத்தனை வருஷம் உழைத்தாலும் அது கணக்கில் வராது. அதனால் முதல் வேலையில் சம்பளம் மணிக்கு ஒன்றிரண்டு டாலர் குறைந்தாலும் பரவாயில்லை, முறையான இடமாக இருக்கட்டும். டி.டி.எல்.ஆர்.-இல் டெக்னீஷியனாகப் பதிவு செய்துகொண்ட பிறகே வேலையில் இறங்கட்டும். சம்பளச் சீட்டு, டபிள்யூ-2 (முதலாளி தரும் வருடாந்திரச் சம்பள, வரிப் படிவம்) எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பழைய முதலாளியிடம் மனக்கசப்போடு பிரிந்துவிட்டு, பிறகு அனுபவத்துக்குச் சான்றாக ஒரு கையெழுத்துக்காக அவர் வாசலில் போய் நிற்பது சங்கடம்.

மாநிலம் மாறினால் விதியும் மாறும். கலிஃபோர்னியாவில் இதற்கு சி-20 என்று பெயர். நான்கு வருட அனுபவம், இரண்டு தேர்வு, 25,000 டாலர் பாண்டு (உத்தரவாதப் பத்திரம்). நியூயார்க்கில் மாநில அளவில் லைசென்ஸே இல்லை, அந்தந்த ஊர் நிர்வாகம் வைப்பதுதான் சட்டம். வேறு மாநிலத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்குள்ள விதியை இப்போதே பார்த்துவிடுங்கள்.

பயிற்சிப் பள்ளியில் சேர்ப்பதாக இருந்தால் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஆர்-32, ஆர்-454பி என்ற புது கேஸ் போட்ட மெஷின்களில் கைப்பயிற்சி உண்டா? வீடுகளுக்கான புது ஏசிகள் ஆர்-410ஏ என்ற பழைய கேஸை விட்டு இவற்றுக்கு மாறிவிட்டன. இவை ஓரளவு தீப்பற்றக்கூடிய ரகம். பழைய மெஷினை மட்டும் வைத்துச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்குக் கட்டணம் கட்டாதீர்கள்.

வேலை தருகிறேன் என்பவர் லைசென்ஸ் உள்ளவரா என்று எப்படித் தெரிந்துகொள்வது? டெக்சாஸில் வேனின் இரு பக்கமும் லைசென்ஸ் எண்ணை எழுதியிருக்க வேண்டும், டி.ஏ.சி.எல். என்று தொடங்கும். அந்த எண்ணை டி.டி.எல்.ஆர். தளத்தில் தட்டிப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பையன் இன்டர்வியூவுக்குப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள்.