கேள்வி-பதில்: ரெண்டு கார்ப் வண்டிக்கு சிங்க் கேஜ் எதை வாங்கலாம்?

கேள்வி: அண்ணே வணக்கம், நான் திருவிடைமருதூர். மாமாகிட்டேர்ந்து ஒரு பழைய கைனடிக் அக்விலா 250 கைக்கு வந்திருக்கு, வி-ட்வின் (ரெண்டு சிலிண்டர் வி மாதிரி நிக்கிறது), ரெண்டு கார்ப், அதாவது கார்புரேட்டர். ஐடில்ல நிக்கும்போது உதறுது பாருங்க, கண்ணாடில பின்னாடி வர்றது பஸ்ஸா லாரியான்னே தெரியாது, கொஞ்சம் முறுக்குனா அடங்கிடுது. மெக்கானிக் ரெண்டு கார்ப்பும் சிங்க் இல்ல, ஒரே அளவா திறக்கலங்கிறார், ஆனா அவர்கிட்ட கேஜ் கிடையாது, காதுல கேட்டே வச்சிடுறேங்கிறார். ஆன்லைன்ல பாத்தா ரெண்டு டயல், நாலு டயல், கம்பி வச்சது, பேட்டரில ஓடுறதுன்னு வரிசையா வருது. எதை வாங்குறது?

பதில்: தம்பி, முதல்ல நாலு டயல் செட்டை மறந்துடுங்க, உங்களுக்கு இருக்கிறது ரெண்டே சிலிண்டர், மிச்சம் ரெண்டு டயல் பெட்டியில தூங்கும்.

ஐடில்ல கார்ப் உள்ள இருக்கிற தகடு ரொம்ப கொஞ்சம்தான் திறந்திருக்கும், அதுல ஒண்ணு மயிரிழை கூட திறந்திருந்தாலும் ஒரு சிலிண்டர் இழுத்துட்டு ஓடும் இன்னொண்ணு அது பின்னாடி தொங்கும், அதான் உதறல். முறுக்கும்போது ரெண்டுமே நல்லா திறந்துடுறதால அந்த மயிரிழை வித்தியாசம் பெருசா தெரியாது. இதை காதுல கேட்டு ஓரளவு கிட்ட கொண்டு வரலாம், கை பழகுன மெக்கானிக்னா நல்லாவே கொண்டு வருவார், ஆனா ஸ்க்ரூவோட கடைசி கால் சுத்துக்கு கண்ணால பாக்க ஏதாவது வேணும்.

இங்கதான் கடைக்காரங்க நம்மள குழப்புறாங்க. கேஜ் காட்டுற வேக்குவம், அதாவது சிலிண்டரோட உறிஞ்சல், எத்தனைங்கிற நம்பர் உங்களுக்கு முக்கியமில்ல, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கா இல்லையாங்கிறது மட்டும்தான் முக்கியம். சைட்ல மேஸ்திரி தண்ணி ஊத்தி மட்டம் பாப்பாரே லெவல் ட்யூப், அதே வேலைதான் இது. அதனால அந்த ட்யூபே போதும்ங்கிறதுதான் என் கட்சி. ஹார்ட்வேர் கடையில 4, 5 மீட்டர் கண்ணாடி மாதிரி ட்யூப் வாங்குங்க, நடுவுல தொங்குற வளைவுல டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோல்ல கலக்குறது) ஊத்தி ஒரு பலகையில கட்டுங்க, ரெண்டு முனையையும் ரெண்டு சிலிண்டரோட வேக்குவம் போர்ட்ல (உறிஞ்சலை பாக்க விட்டிருக்கிற ஓட்டை) மாட்டுங்க. ஆயில் எந்தப் பக்கம் ஏறுதோ அந்தப் பக்கம் உறிஞ்சல் ஜாஸ்தி, அதாவது அந்த தகடு கம்மியா திறந்திருக்கு. சிங்க் ஸ்க்ரூவை மெதுவா திருப்பி மட்டத்துக்கு கொண்டு வாங்க, ஒரு தடவை முறுக்கி விட்டு திரும்ப ஐடிலுக்கு வந்ததும் மறுபடி பாருங்க.

இது விலை கம்மிங்கிறதுக்காக மட்டும் சொல்லல. நிறைய ஜப்பான் 4-ஸ்ட்ரோக் வண்டி மேனுவல்ல ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல 2 செ.மீ. பாதரச வித்தியாசம் வரைக்கும் பரவால்லன்னு போட்டிருப்பான். பாதரசம் தண்ணிய விட 13.6 மடங்கு கனம், ஆயில் தண்ணிய விட லேசு, அப்போ அதே வித்தியாசம் ஆயில் ட்யூப்ல கிட்டத்தட்ட 30 செ.மீ. உயரமா தெரியும். டயல்ல முள்ளு துடிச்சிக்கிட்டு இருக்கிற அகலமே அந்த 2 செ.மீ. இருக்கும், ட்யூப்லயோ அடி ஸ்கேல் நீளத்துக்கு ஏறி நிக்கும்.

ஒரே ஆபத்து, ரொம்ப கோணலா இருக்கிற வண்டியில சட்டுனு மாட்டுனா ஆயிலை இஞ்சின் உறிஞ்சிடும். மீன் தொட்டிக்கு விக்கிற சின்ன காத்து வால்வு ரெண்டு வாங்கி ரெண்டு பக்கமும் போட்டு, மூடி வச்சு ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா திறங்க, துடிப்பும் அடங்கும். அப்படியே கொஞ்சம் உள்ள போனாலும் டூ-டி ஆயில்னா புகையோட போயிடும், அதனால தண்ணி ஊத்தாதீங்க. எங்கயாவது பழைய பாதரச செட் சல்லிசா வருதுன்னு யாராவது சொன்னா கையால கூட தொடாதீங்க, அது விஷம்.

இல்லண்ணே எனக்கு வாங்குனாத்தான் திருப்தின்னா ரெண்டு டயல் செட் வாங்குங்க, ஆனா துடிப்பை அடக்குற வால்வு கூட வருதான்னு பாத்து வாங்குங்க, அது இல்லாத செட்ல முள்ளு ஆடுற ஆட்டத்துல ஒண்ணும் படிக்க முடியாது. ட்வின்மேக்ஸ்னு பேட்டரில ஓடுறது ஒண்ணு இருக்கு, நடுவுல ஜீரோ, எந்தப் பக்கம் இழுக்குதோ முள்ளு அந்தப் பக்கம் சாயும், ரெண்டு சிலிண்டருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். மார்கன் கார்ப்டியூன் வடக்கு அயர்லாந்து சரக்கு, உள்ள ஸ்டீல் கம்பி ஏறி இறங்கும், நல்ல பொருள்தான், ஆனா பார்சல் கஸ்டம்ஸ்னு சேத்தா வருஷத்துக்கு ஒரு தடவை தொடுற வேலைக்கு அவ்வளவு போடணுமான்னு நீங்கதான் யோசிக்கணும்.

எதை வாங்குனாலும் அதுக்கு முன்னாடி இன்டேக் மேனிஃபோல்டை (கார்ப்லேர்ந்து சிலிண்டருக்கு போற குழாய்) குனிஞ்சு பாருங்க, போர்ட் அங்கதான் இருக்கும். ரப்பர் மூடி போட்ட நிப்பிள் இருந்தா ட்யூப் நேரா ஏறிடும், குட்டி ஸ்க்ரூ இருந்தா அடாப்டர் வேணும், பெரும்பாலும் 5 அல்லது 6 மி.மீ. மரை. செட்டோட வர்றது பொருந்தலன்னா கவலைப்படாதீங்க, உங்களுக்கு நாச்சியார்கோயில் பக்கம்தானே, குத்துவிளக்கு கடையுற பட்டறையில அந்த ஸ்க்ரூவையே மாதிரிக்கு கொடுத்தா பித்தளையில கடைஞ்சு தருவாங்க.

வால்வ் கிளியரன்ஸ், ப்ளக், ஏர் ஃபில்டர், இன்டேக் ரப்பர் வெடிப்பு இதெல்லாம் பாக்காம சிங்க் பண்றது வேஸ்ட். இஞ்சின் சூடானப்புறம் வெட்டவெளியில வச்சு பண்ணுங்க, முன்னாடி ஒரு டேபிள் ஃபேன். மூடுன ஷெட்டுக்குள்ள வேணாம், அந்த புகை ஆளை சாய்ச்சிடும்.

கேள்வி: மன்னார்குடிலேர்ந்து எழுதுறேன் சார். என்கிட்ட ராஜ்தூத் 350 இருக்கு, அதுக்கும் ரெண்டு கார்ப்தான். மேல சொல்ற மாதிரி வேக்குவம் கேஜ் வாங்கலாமா?

பதில்: வேணாம் சார், காசு மிச்சம். அது டூ-ஸ்ட்ரோக், ஐடில்ல உறிஞ்சல் 4-ஸ்ட்ரோக் மாதிரி நின்னு இழுக்காது, மேனிஃபோல்டுல போர்ட்டும் கிடையாது, அதுக்காக யாராவது ஓட்டை போடலாம்னு சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. அந்த வண்டிக்கு இப்போ பார்ட்ஸ் என்ன விலை விக்குதுன்னு உங்களுக்கே தெரியும்.

உங்களுக்கு வேண்டிய டூல் ஒரே சைஸ்ல ரெண்டு 3 மி.மீ. ட்ரில் பிட். இஞ்சினை ஆஃப் பண்ணி, ஏர் ஃபில்டரை கழட்டி, பிட்டோட வழவழப்பான பக்கத்தை ரெண்டு கார்ப் வாய்லயும் ஸ்லைடுக்கு (முறுக்குனா மேல ஏறுற அடைப்பு) அடியில கொடுத்து ஸ்லைடு லேசா கவ்வுற மாதிரி விட்டுட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல முறுக்குங்க. ரெண்டு பிட்டும் ஒரே நேரத்துல விழணும். ஒண்ணு முந்துனா அந்தப் பக்க கேபிள் இறுக்கமா இருக்கு, கார்ப் தலையில இருக்கிற அட்ஜஸ்டர்ல விடுங்க. பிட் ரெண்டுலயும் நூல் கட்டி வெளிய தொங்க விட்டுக்கோங்க, உள்ள போச்சுன்னா அப்புறம் செலவு வேற கணக்கு.

கேள்வி: திருவாரூர். ஆன்லைன்ல ரெண்டு டயல் செட் வாங்குனேன், எதுலயும் மாட்டாம கையில வச்சிருக்கும்போதே ஒரு முள்ளு ஜீரோல நிக்கல. திருப்பி எடுக்க சொன்னா பெட்டிய பிரிச்சிட்டீங்க முடியாதுங்கிறாங்க. என்ன பண்றது?

பதில்: பிரிக்காம முள்ளு எங்க நிக்குதுன்னு எப்படி பாக்குறதாம்? மனசு மாறி திருப்புறது வேற, குறையுள்ள பொருளை திருப்புறது வேற, ரெண்டையும் போட்டு குழப்புறது அவங்களுக்கு வசதி.

முதல்ல குறையை வீடியோவா எடுங்க. மாட்டு மருந்து கடையில கிடைக்கிற பெரிய சிரிஞ்ச், ஒரு டி-ஜாயின்ட், ரெண்டு டயலையும் அதுல சேத்து சிரிஞ்சை இழுத்தீங்கன்னா ரெண்டுக்கும் போறது ஒரே உறிஞ்சல், ரெண்டு முள்ளும் ஒரே இடத்துக்கு வரணும், வரலன்னா மறுக்க முடியாது. முன்பக்க கண்ணாடியை கழட்டி நீங்களே முள்ளை திருப்பாதீங்க, அப்புறம் அதையே காரணம் சொல்வாங்க.

அந்த தளத்துல குறைதீர் அதிகாரி பேர் போட்டிருக்கணும், 2020 இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்துல புகார் வந்துச்சுன்னு பதில் சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். மசியலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க. அதுக்கும் அசையலன்னா, 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், விக்கிறவன் டெல்லில இருந்தாலும் சரி, உங்க திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்ல, 2 வருஷம் டைம் இருக்கு. பில், ஆர்டர் பக்கம், அவங்க முடியாதுன்னு அனுப்புன மெசேஜ் மூணையும் இன்னைக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிடுங்க.